பழைய ஒயரும் வெள்ளி ஒயரும்

மே 27, திங்கள்

இந்த நோட்டை எழுதுவது விசாரணையில் காட்டுவதற்காக. வேறு எதற்கும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொண்ட ஆள் நான். அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறப்போகிற நேரத்தில் ஆசைப்பட்டு நாட்குறிப்பு எழுத மாட்டேன்.

என் பெயர் சென்னியப்பன். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் கசிவு பார்ப்பவன். பார்ப்பவன் என்று பெயர்தானே தவிர வேலை கேட்பதுதான். காலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் விடுவார்கள், ஏழு மணிக்கு நிறுத்துவார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் தெருவில் நாலடிக்கு ஒரு தரம் மைக்கைத் தரையில் வைத்து, கழுத்தில் தொங்கும் பெட்டியில் ஹெட்போனைச் செருகி, மண்ணுக்கு அடியில் எங்கே ஒழுகுகிறது என்று கேட்டுச் சொல்ல வேண்டும். ஒழுகும் இடத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். இருபத்தாறு வருஷமாக எனக்கு அந்தப் புஸ்தான் சோறு போடுகிறது.

மே 16ஆம் தேதி பாவடித் தெருவுக்குப் போனேன். பதிவேட்டில் ‘சத்தம் இல்லை’ என்று எழுதினேன். மூன்று நாளில் அந்தத் தெருவில் வாந்தியும் பேதியும் ஆரம்பித்துவிட்டது. தோண்டிப் பார்த்தால் கிழக்குக் கோடியில் குழாயில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, ஒட்டினாற்போல் சாக்கடை. தண்ணீரை நிறுத்தியதும் குழாய் வெளியே இருப்பதை உள்ளே உறிஞ்சும். நாற்பத்தொரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டீக்கடை ராஜாமணி 23ஆம் தேதி செத்துப்போனார்.

ஹெட்போன் ஒயர் சரியில்லை, விட்டு விட்டுக் கேட்டது, அதனால்தான் பிடிபடவில்லை என்று உதவிப் பொறியாளர் பர்வீன் மேடத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒயரை மே மாதம் முதல் வாரம் ஸ்டோரில் துளசிமணி பற்றவைத்துக் கொடுத்தாள். அவள் வேண்டுமென்று செய்தாள் என்று நான் சொல்லவில்லை. ஒயர் சரியில்லை என்றுதான் சொன்னேன்.

அந்தப் பழைய ஒயர் என்னிடம்தான் இருக்கிறது. நல்ல ஒயர் ஒன்று வாங்கி, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டு, வித்தியாசத்தைத் தேதிவாரியாக இதில் எழுதப்போகிறேன்.

மே 28, செவ்வாய்

கோயமுத்தூர் போய் ஒயர் வாங்கி வந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த உடனே பக்கத்து ஆள் தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டான்.

கடைக்காரப் பையன் முடியைப் பின்னால் கட்டியிருந்தான். பழைய ஒயரைக் காட்டியதும் செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். “சார், இதுல இவ்வளவு நாளா என்ன கேட்டீங்க?” என்றான். பிறகு ஒரு வெல்வெட் பையிலிருந்து புது ஒயரை எடுத்தான். “சுத்தமான காப்பர், மேல வெள்ளி முலாம். இதப் போட்டா காதுமேல இருந்த போர்வைய உருவுன மாதிரி இருக்கும் சார். எந்தப் பாட்டு கேப்பீங்க?”

“பாட்டில்லீங் தம்பி. ஒழுகற குழாய்.”

அவன் கொஞ்சமும் அசரவில்லை. “எதுவா இருந்தாலும் டீட்டெயில் வரும் சார். ஆனா நூறு மணி நேரம் ஓட விடுங்க. அப்பதான் ஒயர் திறக்கும்.”

ஒயர் எப்படித் திறக்கும் என்று நான் கேட்கவில்லை. ஒயர் முனையில் இருக்கும் பின் நல்ல கனம். மாட்டியதும் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குவதற்கு வளையம் வைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்து என் மனைவி சாந்தாமணியிடம் விலையில் பாதியைச் சொன்னேன். அதற்கே அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மே 29, புதன்

கொல்லைப்புறக் குழாயை லேசாகச் சொட்டவிட்டு மைக்கைத் தரையில் வைத்துக் கேட்டேன்.

பழைய ஒயர்: புஸ் சத்தம் கேட்கிறது. மங்கல்.
புது ஒயர்: புஸ் சத்தம் கேட்கிறது. பளிச்.

இரண்டாம் தடவை பழையதைப் போட்டபோது அதுவும் பளிச் மாதிரி இருந்தது. காலையில் காது அடைத்திருந்ததால் அப்படி இருக்கலாம். நூறு மணி நேரம் ஓட வேண்டும் என்று பையன் சொன்னான் அல்லவா. ரேடியோவில் மாட்டி ஓடவிட்டிருக்கிறேன்.

சாந்தாமணி துணி காயப்போட வந்தவள் கொஞ்ச நேரம் நின்றாள். “ஏனுங்க, கொழாயில தண்ணி ஒழுகறது நீங்க கண்ணுல பாத்துட்டேதான உக்காந்திருக்கறீங்க? அப்புறம் கேக்காம என்ன பண்ணும்?” என்றாள்.

அவளுக்கு இந்த வேலை புரியாது.

மே 30, வியாழன்

ரேஷன் கடைக்குப் போனேன், பாமாயில் வரவில்லை. மாலையில் பழைய ஒயரின் முனையைச் சோதித்தேன். உறுதியாக இருக்கிறது.

ஜூன் 1, சனி

துளசிமணிக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். ஆபீஸ் மாடிப்படியில் பார்த்தேன். பதினான்கு வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிறாள். வேலை நிரந்தரம் ஆகும் பட்டியலில் இந்தத் தடவை அவள் பெயர் இருந்தது. ஸ்டோர் கணக்குப் பார்க்கத்தான் அவளை எடுத்தார்கள், ரிப்பேரை அவளாகவே கற்றுக்கொண்டாள். அவள் பற்றவைத்த இடத்தில் ஈயம் ஒரு குண்டூசித் தலைக்கு மேல் இருக்காது.

“அண்ணா, அந்த ஒயர நீங்க வாங்கிட்டுப் போறப்ப கவுண்டர்லயே மாட்டிக் கேட்டீங்களே. இழுத்துக்கூடப் பாத்தீங்க. நல்லா இருக்குதம்மிணின்னு சொன்னீங்க.”

“அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் என்னமோ ஆயிருக்குது.”

“என்ன ஆச்சுன்னு சொன்னா நானும் தெரிஞ்சுக்குவனுங்ணா. அடுத்த தடவ அப்படி வராமப் பாத்துக்கலாம்.”

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது. டீ குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். டீ குடிக்கவில்லை.

ஜூன் 3, திங்கள்

இன்று முறையான சோதனை. நானே மாற்றி நானே கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் சாந்தாமணியைச் சேர்த்துக்கொண்டேன். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அவள் ஹெட்போனைச் சமையலறைக்குக் கொண்டுபோய் ஏதோ ஒரு ஒயரை மாட்டி, பின்னால் வந்து என் காதில் வைப்பாள். புது ஒயர் கனம் என்பதால் ஒயரை அவளே தூக்கிப் பிடித்துக்கொள்வாள். நான் எந்த ஒயர் என்று சொல்ல வேண்டும். காலண்டர் தாளின் பின்பக்கம் அவள் குறித்துக்கொள்வாள்.

பத்துக்கு ஒன்பது சரி!

சாந்தாமணியே அசந்துவிட்டாள். “பரவால்லியே, நெசமாலுமே தெரியுதுங்களா?” என்று மூன்று தடவை கேட்டாள். காலண்டர் தாளை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், அவள் கையெழுத்தோடு. பல நாளைக்குப் பிறகு இரண்டு கரண்டிச் சோறு அதிகம் சாப்பிட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

காலையில் பல் தேய்க்கும்போது ஒன்று தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம்.

புது ஒயரின் வளையத்தைச் சாந்தாமணி சமையலறையில் சுற்றி இறுக்கும்போது கிர், கிர், கிர் என்று மூன்று தரம் கேட்கும். பழையதில் ஒரே ஒரு டக். நேற்று நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அதைத்தான் கேட்டிருக்கிறேன். தெரிந்து செய்யவில்லை. காது அதுவாகவே பிடித்துக்கொண்டிருக்கிறது. தப்பிய அந்த ஒரு தடவைகூடத் தெருவில் மீன்காரர் ஹாரன் அடித்த நேரம்.

மிக்ஸியை ஓடவிட்டு மாற்றச் சொன்னேன். பத்துக்கு ஐந்து. மறுபடியும் செய்தோம், பத்துக்கு நான்கு.

“அப்ப ரெண்டும் ஒண்ணுதானுங்களா?” என்றாள்.

“மிக்ஸிச் சத்தத்துல எவனுக்குக் கேக்கும்?” என்று கத்திவிட்டேன். மிக்ஸியை நிறுத்திய பிறகுதான் ஹெட்போனை என் காதில் வைத்தாள். அது எனக்கும் தெரியும்.

இடையில் ஒரு சமையலறையும் ஒரு கூடமும் இருக்கும்போது ஒயர் வளையம் சுற்றுவது கேட்கிறது எனக்கு. இந்தக் காதை வைத்துக்கொண்டு விரல் மொத்த ஓட்டையை எப்படி விட்டேன் என்று மேடம் கேட்டால் என்ன சொல்வது?

சோதனைக்கு வீடு தோதான இடம் இல்லை என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 7, வெள்ளி

பாவடித் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தது. ராஜாமணியின் டீக்கடையைத் திறந்திருக்கிறார்கள். அவர் மனைவி லோகநாயகி பாய்லருக்குப் பின்னால் நின்றிருந்தது. பார்க்காத மாதிரி தாண்டிவிடலாம் என்று நடந்தேன். கூப்பிட்டுவிட்டது.

“அண்ணா, வாங்க, உக்காருங்க. காசெல்லாம் வேண்டாம்.” டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றது. “அன்னிக்கு நீங்களும் அவரும் இதே பெஞ்சுல உக்காந்து ஒரு மணி நேரம் பேசிட்டு இருந்தீங்களே. அப்புறம் மூணாம் நாளு படுத்தவருதான். நா உள்ள இட்லி ஊத்திட்டே அவரு சிரிக்கறதக் கேட்டுட்டு இருந்தனுங்க. கடசியா அவரு அப்படிச் சிரிச்சது அன்னிக்குத்தான். அதுக்கு உங்களுக்குத்தானுங் புண்ணியம்.”

லோகநாயகி நேரத்தைக் கூட்டிச் சொல்கிறது. ஒரு மணி நேரமெல்லாம் இருக்காது.

டீயை முழுக்கக் குடிக்க முடியவில்லை. இதை ஏன் விசாரணைக்கு எழுதும் நோட்டில் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 8, சனி

பல் வலி. கிராம்பு வைத்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

நாளைக் காலை ஆறு மணிக்குக் கச்சேரி வீதியில் நேரடிச் சோதனை. பர்வீன் மேடம் குழாய் இணைப்பு ஒன்றை லேசாகத் தளர்த்தி மண் போட்டு மூடி வைத்திருக்கிறாராம். எந்த இடம் என்று எனக்குச் சொல்லவில்லை. இரண்டு ஒயரையும் கொண்டுவரச் சொல்லி ஆள் வந்தது. துளசிமணியும் வருவாளாம்.

நான் யோசித்துப் பார்த்தேன். மைக்கை யாரும் பார்க்கலாம், பெட்டியை யாரும் பார்க்கலாம். என் காதுக்குள் என்ன கேட்கிறது என்பதற்கு மட்டும் என்னைத் தவிர சாட்சி கிடையாது.

சாந்தாமணி சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள்.

ஜூன் 12, புதன்

சோதனை முடிந்தது. பழைய ஒயரில் கேட்கவில்லை. புது ஒயரில் கேட்டது.

நடந்ததையும் எழுதி வைக்கிறேன். முதலில் பழைய ஒயர். பிள்ளையார் கோயில் வாசலில் ஆரம்பித்தேன். ஐந்தாவது தடவை மைக்கை வைத்தபோது, ஜெராக்ஸ் கடைப் படிக்கு நேராக, கேட்டது என்று சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. நான் தலையாட்டிவிட்டுத் தாண்டிப் போனேன். கோடி வரை போய், “ஒண்ணும் இல்லீங் மேடம், ஒரே கரகரப்பு” என்றேன்.

பிறகு புது ஒயரைப் போட்டுக்கொண்டு நடந்தேன். ஜெராக்ஸ் கடைப் படிக்கு நேராக நின்று, “இங்கதானுங்” என்றேன். மேடம் இடத்தைக் குறித்து வைத்திருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, “கரெக்ட்” என்றார். அவரும் இரண்டு ஒயரையும் போட்டுக் கேட்டார். “எனக்கு ரெண்டுமே இரைச்சலாத்தான் இருக்கு” என்று கழற்றிக் கொடுத்தார்.

துளசிமணி ஓரமாக நின்றிருந்தாள். “மேடம், நானொருக்கா கேட்டுப் பாக்கட்டுங்களா? பழைய ஒயர்ல.”

மேடம் சரி என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “கேக்குதுங்களே மேடம். சைக்கிள் டயர்ல காத்து எறங்கற மாதிரி. நல்லாவே கேக்குதுங்.”

மேடம் என்னைத்தான் பார்த்தார். எனக்கு உடனே பேச்சு வந்தது. “அது பக்கத்து வீதியில தறி ஓடற சத்தம் அம்மிணி. பழக்கமில்லாத காதுக்கு அப்படித்தான் இருக்கும். எனக்கும் மொத ரெண்டு வருசம் அப்படித்தான் இருந்துச்சு.”

மேடம், “அனுபவம் அவருக்குத்தானேம்மா” என்றார்.

துளசிமணி ஹெட்போனைக் கழற்றி, வியர்வை பட்ட இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டு என் கையில் கொடுத்தாள். அவள் தனக்கே சந்தேகம் வந்துவிட்ட மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜூன் 13, வியாழன்

துளசிமணியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

ஜூன் 15, சனி

இன்று காலை சாந்தாமணி வெங்காயம் உரித்துக்கொண்டே, “மிக்ஸி ஓடுனப்ப ரெண்டும் ஒண்ணுதானுங்களே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு குழம்பு வைக்கப் போய்விட்டாள்.

மே 16ஆம் தேதி நடந்ததை எழுதுகிறேன்.

ஐந்தரைக்குப் பாவடித் தெருவில் மேற்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். முழங்கால் வலி. டீக்கடை வரை ஒழுங்காகக் கேட்டேன். ஆறு மணி ஆகிவிட்டது. அதற்குக் கிழக்கே எண்பது அடி பாக்கி. இருபது தடவை குனிந்து மைக்கை வைத்து எடுத்தால் முடிந்தது. பதினைந்து நிமிட வேலை.

ராஜாமணிதான் கூப்பிட்டார். “ஏனுங்ணா, வந்து உக்காருங்க. அக்கட்ட என்ன இருக்கப்போவுது, குழாய் மாத்தி மூணு வருசங்கூட ஆகல.” உட்கார்ந்தேன். வார்டு கவுன்சிலர் மைக் பிடித்துப் பேசுவதை அவர் நடித்துக் காட்டினார். அந்த மனுஷருக்கு அப்படி ஒரு குரல். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். இரண்டு டீ குடித்தேன். ஏழு மணிக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். பதிவேட்டைத் தொடைமேல் வைத்து, கிழக்குக் கோடி வரைக்கும் ‘சத்தம் இல்லை’ என்று ஒரே கோடாக இழுத்தேன். எங்கள் பிரிவில் எல்லோரும் செய்வதுதான். நான் செய்தது அது முதல் தடவையும் அல்ல.

லோகநாயகி சொன்னதுதான் சரி. ஒரு மணி நேரம்.

டீ கொதித்த தண்ணீர், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் வேர்வையோடு பாய்லர் பக்கத்தில் நின்று நின்று, குடத்துத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடிக்கிறவர்.

அன்றைக்கு ஒயரில் ஒரு கோளாறும் இல்லை. அந்த எண்பது அடிக்கும் ஹெட்போன் என் கழுத்தில்தான் கிடந்தது.

மே 30ஆம் தேதி ‘முனையைச் சோதித்தேன்’ என்று எழுதியிருப்பதும் பொய். அன்று கதவைச் சாத்திக்கொண்டு, துளசிமணி பற்றவைத்த இடத்தைக் குறட்டால் பிடித்து இழுத்தேன். பிய்ந்து வந்துவிட்டால் பிய்ந்துதான் இருந்தது என்று காட்டிவிடலாம். அரை மணி நேரம் இழுத்தேன். வரவில்லை.

கச்சேரி வீதியில் ஐந்தாவது தடவை வைத்தபோதே பழைய ஒயரில் கேட்டது. ஜெராக்ஸ் கடைக்காரர் உள்ளே பெருக்குவதுகூடக் கேட்டது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. ஓய்வூதியம் போகும், கேஸ் வரும், லோகநாயகி முகத்தில் விழிக்க வேண்டும். அத்தனையும் துளசிமணி தலையில் போய் விழட்டும் என்று பத்தொன்பது நாளாக ஒரு ஒயரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

துளசிமணி வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். அவள், “வாங்கண்ணா” என்றாள். தண்ணீர் கொடுத்தாள். நான் நோட்டைக் கொடுத்தேன்.

அவள் முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நான் எதிரில் உட்கார்ந்து அவள் பக்கம் திருப்புவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கச்சேரி வீதி வந்தபோது அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு கடைசிவரை படித்தாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன்.

“பெரிய கொறடா, சின்னக் கொறடாங்ணா?” என்றாள்.

“பெரிசு. குழாய்க் கொறடு.”

“அரை மணி நேரமா?”

“ஆமா அம்மிணி.”

“வரலையா?”

“வரல.”

“வராது” என்றாள். நோட்டை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். “நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. நா கூட வரமாட்டேன். உங்கள மன்னிக்கறதுக்கும் என்னால ஆகாதுங்ணா. செத்துப்போனது என் வேலையால இல்லைன்னு அந்த லோகநாயகிக்குத் தெரியோணும். எனக்கு அது போதும்.”

ஜூன் 18, செவ்வாய்

நேற்று பக்ரீத் விடுமுறை. ஒரு நாள் கிடைத்துவிட்டது. அந்த ஒரு நாளில் இந்த நோட்டை அடுப்பில் போட இரண்டு தடவை எழுந்தேன். இரண்டு தடவையும் சாந்தாமணி அடுப்படியில் இருந்தாள். அவள் வேண்டுமென்றே இருந்தாளா என்று தெரியவில்லை.

காலையில் முதலில் டீக்கடைக்குப் போனேன். லோகநாயகியிடம் நின்றபடியே சொன்னேன். அது நான் பேசப் பேச பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு துணியை எடுத்து அந்தப் பெஞ்சைத் துடைக்க ஆரம்பித்தது. நான் வந்துவிட்டேன்.

இப்போது ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பர்வீன் மேடம் உள்ளே போனில் பேசிக்கொண்டிருக்கிறார். கதவு சாத்தியிருக்கிறது, இருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்கிறது. முடித்ததும் கூப்பிடுவார்.

மேடம், நோட்டில் எந்தப் பக்கத்தையும் கிழிக்கவில்லை. வெள்ளி ஒயரை வீட்டில் வைத்துவிட்டேன். பழைய ஒயரைக் கொண்டுவந்திருக்கிறேன். நீங்களே மாட்டிக் கேளுங்கள்.